வேட்டை வில்லின் ஓசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 50 பவுண்டு இழுவிசை கொண்ட ரீகர்வ் வில்லுடன் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்) வெள்ளை வால் மான் வேட்டைக்குச் செல்கிறேன். சென்ற பருவத்தில் 25 கெஜத் தொலைவில் நின்ற மான் ஒன்று, நாண் ஓசை கேட்டதும் உடலைத் தாழ்த்திக்கொண்டது. அம்பு அதன் முதுகுக்கு மேலே போய்விட்டது. ஓசையைக் குறைக்க நாணில் மயிர்ப்பந்து கட்டினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். என்ன செய்தாலும் மானுக்குக் கேட்கத்தான் செய்யும், வீண் வேலை என்கிறார் இன்னொருவர். வேட்டை வில் எந்த அளவுக்கு ஓசை குறைந்ததாக இருக்க வேண்டும்?
– வாசகர், மிச்சிகன்

பதில்: இரண்டாம் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. உங்கள் வில்லிலிருந்து 500 கிரெய்ன் (சுமார் 32 கிராம்) எடையுள்ள அம்பு நொடிக்கு 52 மீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் புறப்படும். 25 கெஜம் என்பது ஏறத்தாழ 23 மீட்டர். அதைக் கடக்க அம்புக்கு 0.44 நொடி ஆகும்போது, நாண் ஓசை 0.07 நொடிக்குள் மானின் செவியைத் தொட்டுவிடும். ஓசையைக் கேட்டு உடல் அசையத் தொடங்க 0.15 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், அம்பு வந்து சேர இன்னும் 0.22 நொடி மீதம் இருக்கிறது. துள்ளி ஓடுவதற்கு முன் மான் கால்களை மடக்கி உடலைக் கீழே விடுகிறது. தடையின்றி விழும் உடல் அந்த 0.22 நொடியில் சுமார் 24 சென்டிமீட்டர் இறங்கிவிடும் என்பதால், நெஞ்சின் நடுவே குறிவைத்த அம்பு முதுகைத் தாண்டிப் போனதில் வியப்பில்லை.

இதே கணக்கை 12 கெஜத்துக்குப் போட்டுப் பாருங்கள். அம்பு 0.21 நொடியில் போய்ச் சேர்கிறது. மான் அசையத் தொடங்கும்போதே அம்பு அதன் மேல் இருக்கும். இறக்கம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. இந்த 13 கெஜ வேறுபாட்டை ஈடுசெய்யும் ஆற்றல் எந்த மயிர்ப்பந்துக்கும் கிடையாது. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்காகும்போது ஒலி 6 டெசிபெல் குறையும். ஆகவே நீங்கள் பாடுபட்டு வில்லின் ஓசையை 6 டெசிபெல் குறைத்தால், 25 கெஜத்தில் நிற்கும் மானுக்கு அது 50 கெஜத்திலிருந்து வரும் ஓசையைப் போலக் கேட்கும். அந்த ஓசையும் அமைதியான காலை வேளையில் அதன் செவிக்கு எட்டாமல் போவதில்லை.

அப்படியானால் வில்லை அடக்குவது வீண் வேலையா என்றால், இல்லை என்பதே என் உறுதியான கருத்து. மானுக்குக் கேட்காமல் செய்வது நம் நோக்கம் அன்று. கேட்ட ஓசை அதைத் திடுக்கிட வைக்காமல் இருப்பதே நோக்கம். ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெள்ளை வால் மானின் செவி 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மிகக் கூர்மையாக உணர்கிறது. அதன் கேட்கும் எல்லையோ 30 கிலோஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. எனவே ‘டங்’ என்று ஒலிக்கும் கீச்சான உலோக ஓசை, அதே அளவு வலிமையுள்ள ‘தொப்’ என்ற தாழ்ந்த ஓசையைவிட அதற்குக் கூர்மையாகக் கேட்கும். காப்பியப் போர்க்களங்களில் வீரர்கள் நாணொலி எழுப்பியது பகைவரை நடுங்க வைப்பதற்காக. வேட்டை வில்லிலிருந்து அகற்ற வேண்டியது அந்த நடுங்க வைக்கும் கூர்மையைத்தான்.

முதலில் அம்பின் எடையைப் பாருங்கள். வில்லில் சேர்ந்த ஆற்றலில் அம்பு எடுத்துக்கொள்ளாத பகுதிதான் நாணையும் வில்லின் கைகளையும் அதிர வைத்து ஓசையாகிறது. எடை கூடிய அம்பு அந்த ஆற்றலில் அதிகப் பங்கைத் தன்னோடு கொண்டுபோய்விடும். இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெய்ன் என்ற அளவு, அதாவது உங்கள் வில்லுக்கு 500 கிரெய்ன், நல்ல தொடக்கம். 400 கிரெய்ன் அம்பைப் பயன்படுத்துகிறவர்கள் எத்தனை பந்து கட்டினாலும் அந்த வில் முழுமையாக அடங்காது.

அடுத்தது பிரேஸ் ஹைட், அதாவது நாணேற்றிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி. ரீகர்வ் வில்லுக்கு இது பொதுவாக 7.5 முதல் 8.5 அங்குலத்துக்குள் அமையும். தயாரிப்பாளர் சொல்லும் எல்லையை மீற வேண்டாம். அந்த எல்லையின் கீழ்முனையில் தொடங்கி, நாணைக் கழற்றிச் சில முறுக்குகள் ஏற்றி, மறுபடி பூட்டிச் சில அம்புகள் விட்டுக் கேளுங்கள். ஓர் இடத்தில் ஓசை தெளிவாகத் தணிவதை உணர்வீர்கள். செலவே இல்லாத இந்த வேலையைச் செய்யாமல் கடைக்கு ஓடுகிறவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

இவ்விரண்டும் சரியான பிறகே நாணில் சைலன்சர், அதாவது மயிர்ப்பந்து போன்ற ஓசை அடக்கிகள் இரண்டைக் கட்ட வேண்டும். ஒன்றை மேல் முனையிலிருந்து நாணின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கிலும், மற்றதைக் கீழ் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் கட்டுவது பலரும் கையாளும் முறை. இரண்டும் ஒரே தொலைவில் இருந்தால் சில அதிர்வுகள் தப்பிவிடும். பீவர், நீர்நாய் ஆகியவற்றின் மயிர் மழையில் எளிதில் நனையாது. கம்பளி நூல் நன்றாகவே அடக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். ரீகர்வ் வில்லில் நாண் வில்லின் வளைந்த நுனிகளின் மேல் வந்து அறைவதால், அந்தப் பள்ளத்தில் மெல்லிய கம்பளித் துணியை ஒட்டுவது தனிப் பயன் தரும். டேக்ரான் எனும் பாலியெஸ்டர் இழை நாண், இழுபடாத நவீன இழை நாண்களைவிடச் சற்று வேகம் குறைந்தது. ஆனால் அதன் ஓசை மென்மையானது.

வில்லைப் பிடித்திருக்கும் உங்களுக்குக் கேட்பதும், முன்னால் நிற்கும் மானுக்குக் கேட்பதும் ஒன்றல்ல. ஆகவே அம்பு செல்லும் திசைக்கு நன்கு விலகி, பருத்த மரத்தின் பின்னே பாதுகாப்பாக ஒருவரை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். கீச்சொலி போய் மந்தமான ஓசை மட்டும் எஞ்சியிருக்கிறது என்று அவர் சொன்னால், அந்த அளவு போதும். அதற்கு மேல் அம்பின் வேகத்தை விலையாகக் கொடுத்து நாணில் சுமை ஏற்ற வேண்டாம்.

நாண் ஓசையைப் பற்றியே பேசுகிறவர்கள், அதற்கு முன் எழும் ஓசைகளை மறந்துவிடுகிறார்கள். இழுக்கும்போது அம்பு வில்லின் மேடையில் (அம்பைத் தாங்கும் இடத்தில்) உரசுவது, அம்பின் தண்டு கைப்பிடியில் தட்டுவது, அம்புக்கூட்டில் தளர்வாக இருக்கும் அம்பு குலுங்குவது ஆகியவை மானை முன்கூட்டியே விறைக்க வைக்கின்றன. தலை நிமிர்ந்து, செவிகளை உங்கள் பக்கம் திருப்பி நிற்கும் மான் எந்தச் சிற்றோசைக்கும் பாயும். குனிந்து மேயும் மான் அதே ஓசையைப் பொறுத்துக்கொள்ளக்கூடும். விறைத்து நிற்கும் மானின் மீது அம்பு விடாதீர்கள். அது இறங்கும் என்று நம்பி உடலுக்குக் கீழே குறிவைப்பதும் சூதாட்டம். இறங்காவிட்டால் கால் முறிந்த மான் காட்டுக்குள் ஓடி நாள்கணக்கில் வதைபடும். நெஞ்சின் கீழ்மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். அருகில் நிற்கும் மான் அசையாவிட்டால் இதயம், சற்று இறங்கினால் நுரையீரல் என இரு வழியிலும் விரைவான முடிவு கிடைக்கும்.

1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகருக்கு வந்து சேர்ந்த யாஹி என்ற பழங்குடி இனத்தவரான இஷியிடம் வில்வித்தை கற்றவர், அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப். இஷி மறைந்திருந்து, துன்புறும் முயலின் குரலை எழுப்பி விலங்குகளைத் தம் அருகே வரவழைத்ததை அவர் எழுதியிருக்கிறார். அமெரிக்க மரபுவில் வேட்டையின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. உங்களுக்கு என் பரிந்துரை: இந்தப் பருவத்தில் 15 கெஜத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்பு பறக்கும்போது எழும் சீறல் ஓசையும் விலங்கை எச்சரிக்குமா?
– வாசகர், ஒன்டாரியோ

பதில்: எச்சரிக்கலாம். அம்பை நோக்கி நிற்கும் விலங்குக்கு அந்தச் சீறல் நெருங்க நெருங்கக் கூடுகிறது. உயரமான இறகுகளும், துளையிட்ட வேட்டை முனைகளும்தான் பெரும்பாலும் காரணம். இறகின் உயரத்தைக் குறைக்கலாம். ஆனால் அகன்ற முனையை நேராகச் செலுத்தும் அளவுக்கு இறகு மீதம் இருக்க வேண்டும். துளையில்லாத முனைக்கு மாறுவது எளிதான தீர்வு. அம்பு நெளிந்து பறந்தாலும் ஓசை கூடும். அப்போது இறகைக் குறை சொல்லாமல், தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் மரபுவில் கொண்டு மானோ காட்டுப்பன்றியோ வேட்டையாட அனுமதி உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொழுதுபோக்கு வேட்டைக்கு அனுமதி இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கான முயற்சியையும் வேட்டையாகவே கருதுகிறது. வில் என்பதால் விலக்குக் கிடையாது. இலக்குப் பலகையில் பயிலுங்கள். பிரேஸ் ஹைட், அம்பின் எடை ஆகியவற்றைப் பற்றி மேலே சொன்னவை உங்களுக்கும் பொருந்தும். ஓசை தணிந்த வில்லில் கைக்கு ஏறும் அதிர்வும் குறையும்.