டயலாக்குக்கு மட்டும் ஃபான்ட் மாறவில்லையா?

கேள்வி: செயலி முழுக்க முக்தா மலர் என்ற தமிழ் ஃபான்ட் போட்டிருக்கிறேன். ‘நீக்கவா?’ என்று கேட்டு மேலெழும் சிறு பெட்டி, அதாவது டயலாக், மட்டும் பழைய எழுத்திலேயே வருகிறது. ஏன்?

உங்கள் திரைகளின் லேஅவுட்டை (எது எங்கே என்ற அமைப்பை) நீங்கள் எழுதினீர்கள், அதனால் ஃபான்ட்டும் அங்கே வந்தது. ஆண்ட்ராய்டின் அலர்ட் டயலாக்குக்கு லேஅவுட் நூலகத்திலிருந்து (தயாராகக் கிடைக்கும் கோடிலிருந்து) வருகிறது, தீமும் (தோற்ற விதிகளின் தொகுப்பும்) தனி. அந்தத் தீமில்தான் சொல்ல வேண்டும். கூகுளின் மெட்டீரியல் நூலகத்தில் தலைப்புக்கு ஒரு ஸ்டைல், செய்திக்கு ஒன்று, பட்டன்களுக்கு வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பலரும் மறப்பது பட்டன்களைத்தான். ‘சரி’, ‘வேண்டாம்’ இரண்டும் வேறு எழுத்தில் நிற்கும். ஒருமுறை தீமில் எழுதிவிட்டால் இனிமேல் சேர்க்கும் டயலாக்குக்கும் அதுவே போதும்.

கேள்வி: கோடிலேயே பட்டனை எடுத்து ஃபான்ட் மாற்றினேன். ‘நல்’, அதாவது அங்கே எதுவும் இல்லை, என்று க்ராஷ் ஆகிறது.

டயலாக்கைக் காட்டச் சொல்லும் ‘ஷோ’ அழைப்புக்கு முன்னால் பட்டனை எடுக்கிறீர்கள். டயலாக்கைத் திரைக்குக் கொண்டுவரும்போதுதான் உள்ளே பட்டன் உருவாகிறது. முதலில் ஷோ, அப்புறம் பட்டனை எடுங்கள். ஒரே ஒரு டயலாக் என்றால் இந்த வழி போதும்.

கேள்வி: ஃபான்ட் மாறுகிறது, ஆனால் ஆங்கில எழுத்துக்கு மட்டும்!

அந்த ஃபான்ட்டில் தமிழ் எழுத்துகள் இல்லை. இல்லாத எழுத்தை ஆண்ட்ராய்டு தன் சொந்த ஃபான்ட்டிலிருந்து எடுத்துப் போடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால்தான் நாள் கணக்கில் தேடுகிறோம். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளிலும் இதே கதைதான். அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை தனி இடம். நோட்டோ சான்ஸ் தமிழ், காடமரன், மீரா இனிமை, ஹிந்த் மதுரை எல்லாம் யூனிகோட் ஃபான்ட்டுகள். வாங்கியதும் ணூ, க்ஷ, ஸ்ரீ மூன்றையும் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: தலைப்பில் எழுத்து மை கொட்டியதுபோல் தெரிகிறது.

தலைப்புக்குத் தடித்த எழுத்து கேட்கிறீர்கள். செயலியில் வைத்திருப்பதோ சாதாரண கோப்பு மட்டும். சாதாரண எழுத்தையே இழுத்துப் பெருக்கிச் செயற்கையாகத் தடிக்க வைக்கிறது போன். ஆங்கிலம் ஓரளவு தாங்கும். ‘ண’வின் சுழிகளோ அடைந்துபோகும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதியவர் ஒருவர் ‘கணக்கை நீக்கவா?’ என்பதைப் படிக்க முடியாமல் தவறான பட்டனைத் தொட்டால் அந்தப் பொறுப்பு நம்முடையது. தடித்த கோப்பையும் சேர்த்து, இரண்டையும் ஒரே ஃபான்ட் குடும்பமாக அறிவியுங்கள். கூடவே, கீழே ‘கூ’ வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். இடம் மிச்சப்படுத்த ஃபான்ட் பேடிங்கை (எழுத்துக்கு மேலும் கீழும் விடும் இடத்தை) நிறுத்தியிருந்தால் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: ஃபான்ட் கோப்பைச் சேர்த்ததும் பில்டே (செயலி உருவாக்கமே) ஆகவில்லை.

கோப்பின் பெயரில் பெரிய எழுத்தோ இடைக்கோடோ இருக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும்.

கேள்வி: ஐபோனில்?

ஆப்பிளின் அலர்ட்டில் ஃபான்ட் மாற்ற முறையான வழி இல்லை. அதன் உள்ளமைப்பைத் தொடக்கூடாது என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். குறுக்கு வழிகள் அடுத்த ஐஓஎஸ்ஸில் உடையலாம். ஃபான்ட் கட்டாயம் என்றால் சொந்தமாக ஒரு சிறிய திரை செய்து அலர்ட்போலக் காட்டுங்கள்.