கேளுங்க பேசுவோம்: நான் மனுஷன்னு மெஷினுக்கு நிரூபிக்கணுமா?

இந்த தடவ மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கமிருந்து வந்த கேள்விங்கள்ல பாதி ஒரே மாதிரி, ஒன்னு முரணா இருக்கு, இல்லன்னா ரெண்டு அர்த்தமா இருக்கு. அதான் எல்லாத்தையும் ஒன்னா சேத்துட்டேன்.

ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சைல தமிழ் இலக்கியம் எடுத்திருக்கேன் அண்ணே. சிலேடை, முரண் ரெண்டையும் டீச்சர் ஒரே நாள்ல நடத்திட்டாங்க, எனக்கு ரெண்டும் ஒன்னு போலவே இருக்கு.
- மாணவி

வேற வேறம்மா. சிலேடையில ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் ஓடும், ரெண்டும் சரியா இருக்கும், சண்டையே வராது. 15-ஆம் நூற்றாண்டு காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுல வச்சாரே, "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும்"னு, அத எடுத்துக்கோ. பாம்புக்கு நஞ்சுன்னா விஷம், பழத்துக்குன்னா கனிஞ்சு நைஞ்சு போனது. பாம்பு தோல உரிக்கும், பழத்த நாம உரிப்போம். பாம்பு சிவன் தலையில இருக்கும், பழமும் அபிஷேகத்துல அங்க போய் சேரும். அடுத்த அடியில பல்லு பட்டா மீளாதுங்கிறார், பாம்பு பல்லு பட்டா ஆளு மீளமாட்டான், நம்ம பல்லு பட்டா பழம் மீளாது. நல்லா ரசிச்சு சாப்பிடற மனுஷன் தான் இப்படி யோசிக்க முடியும்.

முரண்ல ரெண்டும் முட்டிக்கும். குறள் 350, "பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு". துறவு அதிகாரத்துல வரிசையா விடு விடுன்னு சொல்லிட்டு வந்த மனுஷன் கடைசி குறள்ல வந்து பிடின்னு சொல்றார், அதுவும் விடறதுக்காகவே பிடிக்கணுமாம். பரீட்சைல சிலேடை வந்தா ரெண்டு அர்த்தத்தையும் தனித்தனியா பிரிச்சு எழுது, முரண் வந்தா எந்த இடத்துல முட்டுதுன்னு காட்டு, மார்க் வந்துடும்.

பேரன் போன்ல பில் கட்டப் போனா "நான் ரோபோ இல்லை"ங்கிற கட்டத்த தட்டச் சொல்லுது, அப்புறம் படத்த காட்டி சிக்னல் லைட்டு எங்கன்னு கேக்குது. காலைல தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கற பெரட்டுல அத்தன பேர் பேரையும் கூப்பிட்டவன் நான், நான் மனுஷன்னு ஒரு மெஷின்கிட்ட நிரூபிக்கணுமா?
- ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேஸ்திரி)

கோவம் நியாயம் தான் ஐயா. 1950-ல ஆலன் டூரிங்ங்கிற கணித மேதை ஒரு சோதனை சொன்னார், மனுஷன் கேள்வி கேப்பான், பதில் சொல்றது ஆளா மெஷினான்னு கண்டுபிடிக்கணும். இப்ப அது தலைகீழா ஆயிடுச்சு, கேக்கறது மெஷின், முழிக்கறது நாம. இதுக்கு பேரு கேப்சா. இதுல இன்னொரு கூத்து இருக்கு. 2007-ல ரீகேப்சான்னு ஒன்னு வந்துச்சு, பழைய புத்தகம், நியூயார்க் டைம்ஸோட பழைய பேப்பர் இதுலெல்லாம் கம்ப்யூட்டரால படிக்க முடியாத வார்த்தைங்கள ஜனங்ககிட்ட காட்டி டைப் பண்ண வச்சே எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்கிட்டாங்க. 2009-ல கூகுள் அத வாங்கிடுச்சு. அதாவது மெஷினுக்கு தெரியாதது நமக்கு தெரியும்னு காட்டித்தான் நாம உள்ள போறோம், அப்படி காட்டும்போதே அதுக்கு கத்துக்குடுத்துடறோம், அது கத்துக்கிட்டதும் பழைய சோதனை செல்லாது, அடுத்தது இன்னும் கஷ்டமா வரும், சம்பளம் கிடையாது.

சிக்னல் லைட்டோட கம்பம் ஒரு ஓரமா அடுத்த கட்டத்துல லேசா நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அதையும் தட்டணுமா வேணாமா? எனக்கும் இன்னிக்கு வரைக்கும் சந்தேகம் தான்.

முடி வெட்ட வந்த ஒரு பையன் கேக்கறான், "ஊர்ல யாரெல்லாம் தானே ஷேவ் பண்ணிக்கலையோ அவங்களுக்கு மட்டும், அவங்க எல்லாருக்கும், ஷேவ் பண்றவரு ஒருத்தர் இருக்காரு, அவரு தனக்கு பண்ணிக்குவாரா?"ன்னு. கத்திய கையில வச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்.
- முடிவெட்டும் கடைக்காரர்

பண்ணிக்கிட்டா பண்ணக்கூடாது, பண்ணிக்கலன்னா பண்ணியே ஆகணும். அதனால அப்படி ஒரு ஆளு எந்த ஊர்லயும் இருக்க முடியாது அண்ணே, அவ்ளோதான் பதில். விளையாட்டு போல இருக்கு, ஆனா இதே முடிச்ச 1901-ல தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கணிதத்துக்குள்ள கண்டுபிடிச்சு 1902-ல பிரேகங்கிற அறிஞருக்கு லெட்டர் போட்டார், பிரேகவோட கணித புத்தகத்துல ரெண்டாவது தொகுதி அப்ப அச்சுல இருந்துச்சு, அந்த மனுஷன் அவசர அவசரமா ஒரு பின்னிணைப்பு எழுதி சேத்தார். பிறகு 1936-ல நம்ம டூரிங் இதே மாதிரி தன்னையே சுத்தி வர்ற ஒரு வாதத்த வச்சு, எந்த புரோகிராமா இருந்தாலும் அது ஓடி முடியுமா முடியாதான்னு முன்கூட்டியே சொல்லிடற ஒரு புரோகிராம எழுதவே முடியாதுன்னு நிரூபிச்சார். அடுத்த தடவ அந்தப் பையன் வந்தா, உங்க கடையில "இன்று ரொக்கம் நாளை கடன்" போர்டு இருந்தா அத காட்டி, நாளைக்கு எப்ப வரும்னு கேளுங்க.

மகன் படிக்கிற பள்ளிக்கூடத்து பேர்ல தோட்டம்னு இருக்கு. சுத்தி பாத்தா தாமான் வீடுங்க, கடை, பெட்ரோல் ஸ்டேஷன். "தோட்டம் எங்கம்மா?"ன்னு கேக்கறான்.
- ஒரு தாய்

அக்கா, இது மலேசியா பூரா இருக்கற கேள்வி. ஐந்நூத்துக்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அதுல நெறைய தோட்டத்து பேர சுமந்துக்கிட்டு இருக்கு. தோட்டத்த துண்டு துண்டா வித்தாங்க, கித்தா (ரப்பர்) போய் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துச்சு, பிறகு வீடமைப்புன்னு ஜனம் டவுனுக்கு போயிடுச்சு, பள்ளியில பிள்ளைங்க குறைஞ்சிருச்சு. புதுசா ஒரு பள்ளிக்கு லைசென்ஸ் வாங்கறது லேசுல நடக்கற காரியம் இல்ல, அதனால இருக்கற பள்ளிய ஆளுங்க இருக்கற பக்கம் மாத்தி கட்டுனாங்க. இடம் வேற, கட்டடம் வேற, வாத்தியாருங்க வேற, பிள்ளைங்க வேற, பேரு மட்டும் அதே.

கிரேக்கத்துல தீசியஸ்ங்கிற வீரனோட கப்பல பத்தி ஒரு பழைய புதிர், புளூட்டார்க்னு ஒரு கிரேக்க எழுத்தாளர் எழுதி வச்சிருக்கார். ஏதென்ஸ்காரங்க அந்த கப்பல்ல மக்கிப்போன பலகைய ஒவ்வொன்னா எடுத்துட்டு புதுசு போட்டுக்கிட்டே வந்தாங்க, கடைசில அது அதே கப்பலா வேற கப்பலான்னு தத்துவம் பேசறவங்க அடிச்சிக்கிட்டாங்க. 17-ஆம் நூற்றாண்டுல தாமஸ் ஹாப்ஸ்ங்கிற இங்கிலாந்து தத்துவக்காரர் அதுல எண்ணெய ஊத்துனார், கழட்டுன பழைய பலகையெல்லாம் ஒருத்தன் சேத்து வச்சு இன்னொரு கப்பல் கட்டுனா எது அசல்னு கேட்டார். எனக்கு தெரிஞ்ச ஒரு இடத்துல பழைய தோட்டப் பள்ளியோட பலகைய ஒருத்தர் வாங்கிட்டு போய் கோழிக்கூடு கட்டியிருக்கார், உள்பக்கத்து பலகையில பெயிண்ட்ல எழுதுன ஏழாம் வாய்ப்பாடு பாதி வரைக்கும் இருக்கு, அதுமேல கோழி உக்காந்திருக்கு. ஹாப்ஸ் கணக்குப்படி அந்த கூடும் பள்ளிக்கூடம் தான்னு ஒரு கட்சி வாதாடும். நான் அந்த கட்சி இல்ல. தாத்தா பாட்டி சம்பளத்துல பிடிச்சு குடுத்த காசுலயும், அவங்க பிள்ளைங்க விடாம ஓடி காப்பாத்துன லைசென்ஸ்லயும் தான் அந்தப் பள்ளி இருக்கு. ஒரு லீவு நாள்ல பழைய தோட்டம் இருந்த எடத்துக்கு பையன கூட்டிட்டு போய் காட்டுங்க, செம்பனை மரம் தான் இருக்கும், பரவால்ல.

எல்லா வேலைக்கும் மெஷின், எல்லாத்துக்கும் வாட்சாப், ஆனா நேரமே இல்லையே?
- ஷிப்ட் வேலை பாக்கறவர்

1865-லயே ஜெவன்ஸ்ங்கிற பொருளாதாரக்காரர் சொன்னது தான். நீராவி எஞ்சின் கம்மி நிலக்கரில ஓட ஆரம்பிச்சதும் நிலக்கரி மிச்சமாகல, செலவு கூடுச்சு, ஏன்னா எஞ்சின வைக்காத இடமே இல்லன்னு ஆயிடுச்சு. ஒரு மெசேஜ் அனுப்ப நிமிஷம் கூட ஆகாது, அதனால தான் நாப்பது குரூப்ல இருக்கீங்க.

தோட்டத்த வித்துட்டாங்க, நாங்க குடியிருக்கற லயத்து வீட்ட காலி பண்ணச் சொல்லி மலாய்ல கடிதம். "மாற்று வீடு தகுந்த காலத்தில் பரிசீலிக்கப்படும்"னு இருக்குன்னு மக படிச்சு சொன்னா. வீடு உண்டா இல்லையா?
- பெயர் வேண்டாம்

ஐயா, காளமேகம் ரெண்டு அர்த்தம் வச்சா படிக்கறவனுக்கு லாபம், இந்த மாதிரி கடிதத்துல வச்சா எழுதுனவனுக்கு லாபம். "தகுந்த காலம்"னா நாளைக்கும் ஆகலாம், பத்து வருஷமும் ஆகலாம். பரிசீலிச்சோம், இல்லன்னு முடிவாச்சுன்னு சொன்னாலும் அந்த வரி பொய்யாகாது. ஒப்பந்தத்துல ஒரு வரி ரெண்டு அர்த்தமா இருந்தா அத எழுதுன தரப்புக்கு பாதகமா எடுத்துக்கறதுன்னு சட்டத்துல ஒரு வழக்கம் உண்டு, இன்சூரன்ஸ் கேஸ்ல அடிக்கடி வரும், ஆனா இது வெறும் கடிதம், அத நம்பி உக்காந்துடாதீங்க. எந்த தேதிக்குள்ள, எந்த இடத்துல, யாரு பேர்ல வீடுன்னு எழுத்துல கேளுங்க, லயத்துல இருக்கற எல்லா குடும்பமும் சேந்து ஒரே கடிதமா போடுங்க, ஒரு நகல் கையில வச்சிக்கோங்க. ஈப்போவுல வழக்கறிஞர் மன்றத்தோட சட்ட உதவி மையம் இருக்கு, மகள கூட்டிக்கிட்டு அந்த கடிதத்தோட போய் பாருங்க, அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க.