பெஞ்சில் உட்காரும் கேட்சருக்கு இவ்வளவு சம்பளமா? – கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த பேஸ்பால் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அமெரிக்க மேஜர் லீக் அணிகள், வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டம் மட்டுமே ஆடுகிற வயதான இரண்டாவது கேட்சருக்கு ஏன் மில்லியன் கணக்கில் டாலர் கொடுக்கின்றன? ஞாயிறு லீக்கில் ஒன்பது வருடம் கேட்சராகக் குந்தி உட்கார்ந்திருக்கிறேன், அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். கேட்சர் சங்கதியைத் தாண்டி வந்த கேள்விகளுக்குப் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும்.

கே: கேட்சர் என்றால் நம்ம விக்கெட் கீப்பர்தானே? ஒருவர் போதாதா? (கிரிக்கெட் மட்டும் பார்க்கும் வாசகர்)

நிற்கிற இடம் ஒன்றுதான், வேலை வேறு. கீப்பர் பவுலருக்கு எப்போதாவது யோசனை சொல்வார். கேட்சர் ஒவ்வொரு பந்துக்கும் இன்ன பந்து, இன்ன இடம் என்று கேட்பார். ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 145 பந்து, ஏறத்தாழ பாதி மணிக்கு 145 கிலோமீட்டருக்கும் அதிக வேகம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் 162 ஆட்டம். எந்த முழங்காலும் அதைத் தாங்காது. முதல் கேட்சர் 110, 120 ஆட்டம் ஆடினாலே பெரிய விஷயம். முந்தைய நாள் ராத்திரி ஆட்டம், மறுநாள் மதியமே இன்னொன்று என்றால் இரண்டாவது கேட்சர்தான் முகமூடியை மாட்டுவார். 26 பேர் பட்டியலில் வழக்கமாக இரண்டு கேட்சர்கள்தான். இருவருக்கும் ஒரே நாளில் அடிபட்டால், பழக்கமில்லாத வேறு யாராவது அங்கே போய்க் குந்த வேண்டியதுதான்.

கே: கேட்சர் ஆஸ்டின் ஹெட்ஜஸ் 2024-ல் கிளீவ்லாந்துக்கு 0.152 சராசரியில் அடித்தார் (ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 152 ஹிட், அதாவது பேஸுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வைக்கிற அடி). சம்பளம் 4 மில்லியன் டாலர். மறு வருடமும் அதே 4 மில்லியன். இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள் சார்?

நல்ல கேள்வி. பொறுமையாகக் கணக்குப் போடலாம்.

முதலில் கழிக்கப் பழகுங்கள். இதை இன்று பல தடவை சொல்லப்போகிறேன். ஹெட்ஜஸ் இல்லையென்றால் அந்த இடம் காலியாகக் கிடக்காது, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஒரு இளைஞர் உட்காருவார். 2024-ல் அந்தக் குறைந்தபட்சம் 7,40,000 டாலர். ஆக, அனுபவசாலிக்காக அணி உண்மையில் கூடுதலாகக் கொடுப்பது சுமார் 3.26 மில்லியன். அந்த 3.26 மில்லியனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி.

அடுத்து, மட்டை. இரண்டாவது கேட்சருக்கு வருடத்தில் 150 தடவை அடிக்க வாய்ப்பு வருகிறது என்று வையுங்கள். சுமாரான இளைஞர் 0.210, நம் ஆள் 0.160. வித்தியாசம் ஏழெட்டு ஹிட். ஆறு மாதம் முழுக்கவே ஏழெட்டு ஹிட்தான்! ரன்னாக மாற்றினால் ஐந்தாறு ரன் நஷ்டம்.

இப்போது கையுறைப் பக்கம். மட்டையாளர் தொடாமல் விட்ட பந்து ஸ்ட்ரைக்கா (எல்லைக்குள் வந்தது, பிட்சருக்குச் சாதகம்) பாலா (வெளியே போனது, மட்டையாளருக்குச் சாதகம்) என்று அம்பயர் சொல்கிறார். பிட்சர் என்றால் பந்து வீசுகிறவர். எல்லையில் விழுகிற பந்தை நல்ல கேட்சர் பிடிக்கிற விதத்தில் அது ஸ்ட்ரைக்காகத் தெரியும். ஃப்ரேமிங் என்பது இதுதான். பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். பழகாதவர் கையுறையை நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார், தாழ்வான பந்து வந்ததும் அதைத் துரத்திக் கீழே இறக்குவார், பந்தோடு கையும் மண்ணைப் பார்க்கும், அம்பயர் ‘பால்’ என்பார். தேர்ந்தவர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, கையுறையை முன்கூட்டியே மண்ணில் தொங்கவிட்டு, பந்தின் அடியிலிருந்து மேலே வருவார். பிடித்த இடத்தில் மணிக்கட்டு ஒரு கணம் அசையாமல் நிற்கும். நான் இதைக் கற்றுக்கொள்ள நாலு வருடம் ஆனது. இடது கட்டைவிரல் இன்றும் சரியாக மடங்காது.

ஒரு பால் ஸ்ட்ரைக்காக மாறினால் மதிப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ரன். ஆட்டத்துக்கு ஒன்றரை ஸ்ட்ரைக் கூடுதலாக வாங்கித் தந்தால் 50 ஆட்டத்தில் 75. ஒன்பது ரன்னுக்கு மேல் ஆயிற்று. மட்டையில் போனதைக் கழித்தாலும் மூன்று, நாலு ரன் மிச்சம். பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம், வெளிச்சந்தையில் ஒரு வெற்றிக்கு அணிகள் கொடுப்பது சுமார் 8 மில்லியன் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 3.26 மில்லியன் கிட்டத்தட்ட சரியான விலை. இதில் பிட்சர்களோடு உட்கார்ந்து எதிரணி மட்டையாளர்களை அலசுகிற வேலையை நான் சேர்க்கவே இல்லை.

கே: 0.161 அடிக்கிறவருக்கு இவ்வளவா?

மேலே பாருங்கள்.

கே: ஜெஃப் மாத்திஸ் 17 சீசன் ஆடி மொத்தச் சராசரி 0.194. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவருக்கு இரண்டு வருடத்துக்கு 6.25 மில்லியன் கொடுத்தார்களே?

மறுபடியும் சராசரி! கழித்துப் பாருங்கள் என்றேன். சரி, மாத்திஸ் பெயர் வந்ததால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கையுறைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. மாத்திஸ் முன்பு ஆடிய ஏஞ்சல்ஸ் அணியின் அன்றைய மேனேஜர் (யாரை ஆட வைப்பது என்று முடிவு செய்கிறவர்) மைக் சோஷியா தானே ஒரு பழைய கேட்சர். மாத்திஸின் கையுறையை அவர் பெரிதும் நம்பினார். நன்றாக அடிக்கிற இன்னொரு கேட்சரான மைக் நபோலியை 2011 ஜனவரியில் அணி விட்டுக்கொடுத்தது. டொரண்டோ வழியாக டெக்சாஸுக்குப் போன நபோலி அந்த வருடம் 0.320, 30 ஹோம் ரன். டெக்சாஸ் உலகத் தொடரின் (மேஜர் லீக் இறுதிப் போட்டி) ஏழாவது ஆட்டம் வரை போயிற்று. ஏஞ்சல்ஸில் மாத்திஸ் 0.174. அதே மாத்திஸ் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடினால் சொத்து. முதல் கேட்சராக நிறுத்தி, அதற்காக ஒரு நபோலியை இழந்தால், அந்த ஓட்டையை எந்த ஃப்ரேமிங்கும் அடைக்காது.

கே: ஒரே ஒரு பிட்சருக்காகக் கேட்சரை வைத்துக்கொள்வது உண்டா அண்ணா?

உண்டு தம்பி. பாஸ்டன் ரெட் சாக்ஸில் டிம் வேக்ஃபீல்ட் வீசியது நக்கிள்பால். சுழலாமல் காற்றில் ஆடிக்கொண்டே வரும், எங்கே திரும்பும் என்று வீசியவருக்கே தெரியாது. அதைப் பிடிக்கத் தெரிந்த டக் மிராபெல்லியை சான் டியாகோவுக்குக் கொடுத்துவிட்டு, 2006 ஏப்ரலில் ஜாஷ் பார்டை அவருக்குக் கேட்சராக்கினார்கள். அந்த ஒரு மாதத்தில் 10 பந்து அவரைத் தாண்டி ஓடியது. பாஸ்டன் பார்டோடு இன்னொரு இளம் பிட்சரையும் கொடுத்து மிராபெல்லியைத் திரும்ப வாங்கியது. மே 1 ராத்திரி யாங்கீஸோடு ஆட்டம், வீசப்போவது வேக்ஃபீல்ட். மிராபெல்லி தனி விமானத்தில் வந்து இறங்கி, போலீஸ் வண்டி முன்னால் வழிவிட, காருக்குள்ளேயே சீருடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஒரு ‘பேக்கப்’ கேட்சருக்காக!

கே: கேட்சர் டேவிட் ரோஸும் பிட்சர் ஜான் லெஸ்டருக்காக வாங்கப்பட்டவர்தானே? அவரால்தான் சிகாகோ கப்ஸ் 2016 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தோற்றிருக்க வேண்டியது. (சிகாகோ ரசிகர்)

முதல் பாதி சரி. லெஸ்டருக்கு ஆறு வருடத்துக்கு 155 மில்லியன் கொடுத்த கையோடு, ரோஸுக்கு இரண்டு வருடத்துக்கு 5 மில்லியன். லெஸ்டரால் முதல் பேஸுக்குப் பந்தை எறிய முடியாது. கை மறுத்துவிடும். 2014 முழுக்க ஒரு தடவைகூட அவர் அங்கே எறியவில்லை. அப்போது முதல் பேஸில் நிற்கிற ரன்னர் அடுத்த பேஸைத் திருடாமல் (பந்து வீசும்போதே அங்கே ஓடிவிடாமல்) கட்டிப்போடுவது யார்? கேட்சர்தான். பந்தைப் பிடித்த மாத்திரத்தில் குந்திய நிலையிலிருந்தே முதல் பேஸுக்கு எறிவார் ரோஸ். 2015-ல் அவர் சராசரி 0.176, ஒரே ஒரு ஹோம் ரன். கழித்துப் பாருங்கள். அப்போது குறைந்தபட்சம் 5,07,500 டாலர். வருடத்துக்குச் சுமார் 2 மில்லியன் கூடுதல். 155 மில்லியன் முதலீட்டைக் காக்க அது பெரிய தொகையே இல்லை. 2016-ல் லெஸ்டர் 19 வெற்றி, 5 தோல்வி.

கே: (அதே ரசிகர்) ஏழாவது ஆட்டத்துக்குப் பதில் சொல்லவில்லையே!

சொல்கிறேன். ஐந்தாவது இன்னிங்ஸ், கப்ஸ் 5-1 முன்னிலை, இரண்டு அவுட், முதல் பேஸில் எதிரணி கிளீவ்லாந்தின் சாண்டானா. கப்ஸ் மேனேஜர் ஜோ மேடன் பிட்சர் ஹென்ட்ரிக்ஸை எடுத்துவிட்டு லெஸ்டரைக் கொண்டுவந்தார், கூடவே கேட்சர் கான்ட்ரெராஸுக்குப் பதில் ரோஸ். கிளீவ்லாந்தின் கிப்னிஸ் பிளேட்டுக்கு முன்னாலேயே மெதுவாக உருட்டிய பந்தை ரோஸ் எடுத்துத் தவறாக எறிந்தார். அடுத்து லெஸ்டரின் பந்து மண்ணில் குத்தி ரோஸின் முகமூடியில் மோதித் தெறித்தது. ரோஸ் நிலைகுலைந்து விழ, இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். 5-3. மறு இன்னிங்ஸில் கிளீவ்லாந்து பிட்சர் ஆண்ட்ரூ மில்லரை நடுவில் தூக்கி ஹோம் ரன் அடித்தார் ரோஸ். வயது 39. உலகத் தொடர் ஏழாவது ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தவர்களில் அவரே மூத்தவர். பத்து இன்னிங்ஸில் 8-7, 1908-க்குப் பிறகு முதல் கோப்பை.

கே: என் மகன் பள்ளி அணியில் கேட்சர். முழங்கால் வலிக்கிறது என்கிறான்.

விளையாட்டுக் காய மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், இந்த வாரமே. வலியோடு குந்த விடாதீர்கள்.

கே: ஓட்டானி சம்பளம் நியாயமா?

அவர் கேட்சர் இல்லை.

கே: ‘ஓய்வறைத் தலைவர்’ என்று சொல்லியே சம்பளத்தை நியாயப்படுத்துகிறார்கள். அதற்கு எந்த எண்ணும் இல்லையே?

எண் இல்லைதான். ஆனால் இல்லாமல் போகும்போது தெரியும். 2016-ல் அதே கப்ஸில் மிகெல் மான்டெரோ என்ற கேட்சரும் இருந்தார், சம்பளம் 14 மில்லியன். நான் சொன்ன ஏழாவது ஆட்டத்தில், ரோஸ் வெளியே போன பிறகு வந்து, பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸின் எட்டாவது ரன்னை அடித்தவர் அவர்தான். அடுத்த வருடம் ஜூனில் வாஷிங்டன் அணி ஒரே ஆட்டத்தில் ஏழு பேஸ் திருடியது. பிட்சர் ஜேக் அரியெட்டா ரன்னர்களைக் கட்டுப்படுத்தவில்லை என்று மான்டெரோ நிருபர்களிடம் சொன்னார். மறுநாளே அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் கேட்சர் தன் பிட்சரை வெளியே விட்டுக்கொடுத்த பிறகு, அடுத்த ஆட்டத்தில் அந்தப் பிட்சர் அவர் கேட்கிற பந்தை எப்படி நம்பி வீசுவார்?

கே: 2026 முதல் இயந்திரம்தானே ஸ்ட்ரைக் சொல்கிறது? ஃப்ரேமிங் செத்துவிட்டதே?

இயந்திரம் எல்லாப் பந்துக்கும் சொல்லவில்லை. அம்பயர்தான் சொல்கிறார். அணிக்கு இரண்டு முறையீடு, சரியாக இருந்தால் கணக்கில் குறையாது. முறையிடும் உரிமை மட்டையாளர், பிட்சர், கேட்சர் மூவருக்கு மட்டும், தலையைத் தட்டிக் காட்ட வேண்டும். பந்தை நேராகப் பார்ப்பவர் கேட்சர். ஆகவே எந்தப் பந்துக்குத் தட்டலாம், எதை விடலாம் என்று தெரிந்த பழைய கண்ணுக்குப் புது வேலை வந்திருக்கிறது. ஃப்ரேமிங்கின் விலை குறையும், சாகாது.

கே: மட்டை சராசரி 0.200-க்குக் கீழே இருப்பவரை…

கழித்துப் பாருங்கள்.

கே: (சிகாகோ ரசிகர், மூன்றாம் முறை) ஹோம் ரன் ஒரு ரன், விட்டது இரண்டு. கான்ட்ரெராஸையே விட்டிருந்தால் 5-1 அப்படியே இருந்திருக்கும். லெஸ்டருக்கு ரோஸ்தான் வேண்டும் என்பது கட்டுக்கதை.

எறிதல் பிழை ரோஸுடையது, மறுக்கவில்லை. மண்ணில் குத்தியது ஸ்கோர் புத்தகத்தில் லெஸ்டர் கணக்கு. ஆனாலும் உடம்பால் தடுத்திருந்தால் இரண்டாவது ஆள் வந்திருக்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு லெஸ்டர் எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் வரை வீசினார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டுக்கதை என்றீர்கள். ரோஸ் ஓய்வு பெற்றதும் லெஸ்டருக்குக் கான்ட்ரெராஸ்தான் பிடித்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு லெஸ்டர் கொடுத்த ரன் 2016-ல் 2.44, 2017-ல் 4.33. இதை வைத்து நான் ஜெயித்துவிட்டதாகச் சொல்லலாம். ஆனால் 2018-ல் அதே கான்ட்ரெராஸ் இருக்க 3.32-க்கு இறங்கினார். ஆக, ரோஸ் இல்லாமலும் லெஸ்டர் நன்றாக வீசியிருக்கிறார். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 ஜூனில் மேஜர் லீக்குக்குப் புதிதாக வந்த கான்ட்ரெராஸுக்கு வயது 24, அந்த சீசன் முழுக்க அவர் பக்கத்தில் பெஞ்சில் இருந்தவர் ரோஸ்.