புவிவெப்ப மின் நிலையக் கண்டென்சரை மேம்படுத்த, பரப்பையும் குளிர்நீரையும் கூட்டினால் போதுமா?

போதாது. கண்டென்சர் என்பது டர்பைனைச் சுழற்றி வெளிவரும் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலம்; உள்ளே அழுத்தம் குறைந்து வெற்றிடம் கூடினால் டர்பைன் கூடுதல் மின்சாரம் தரும். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அனல் மின் நிலையக் கண்டென்சர்களில் பழகிய கை; முதல் புவிவெப்பக் கணக்கில் குழாய்களின் பரப்பைக் கூட்டிக்கொண்டே போனேன். வெற்றிடம் பெரிதாக மாறவில்லை.

நிலத்தடி நீராவி தனியாக வருவதில்லை. கரியமில வாயுவையும் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடையும் கூட்டிக்கொண்டு வருகிறது. துருக்கியின் கிசில்தெரேயில் இந்த வாயுக்கள் நீராவியின் எடையில் 10 சதவீதத்தையும் தாண்டுகின்றன. நீராவி நீராகிவிடும், வாயு ஆகாது. குளிர்ந்த பரப்பை ஒட்டித் திரண்டு, பின்னால் வரும் நீராவிக்கு வழிமறிக்கும். அதை வேகமான நீராவித் தாரையால் இழுத்து வெளியே தள்ளும் எஜெக்டருக்கோ கிணற்று நீராவியையே செலவிட வேண்டும். டர்பைனைச் சுழற்றியிருக்க வேண்டிய நீராவி அது.

ஆகவே வாயு வெளியேறும் இடத்தின் வெப்பநிலையை முதலில் பாருங்கள். கண்டென்சர் 0.1 பாரில் (காற்றழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு) இயங்குகிறது, வாயு 40 பாகை செல்சியஸில் வெளியேறுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கிலோ கரியமில வாயுவும் ஏறக்குறைய 1.15 கிலோ நீராவியைத் தன்னோடு இழுத்துப் போகும். அதையே 30 பாகைக்குக் குளிர்வித்தால் 0.3 கிலோதான். உறிஞ்ச வேண்டிய கன அளவும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். வெறும் 10 பாகையில் இவ்வளவு! இதற்கு, உள்ளே வரும் மிகக் குளிர்ந்த நீர், வெளியேறப்போகும் வாயுவை எதிர்த்திசையில் சந்திக்க வேண்டும்.

நிலக்கரி நிலையத்தில் ஒடுங்கிய நீர் தூய்மையாகக் கொதிகலனுக்குத் திரும்பியாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லாததால், குழாய்களையே விட்டுவிட்டு நீராவியின் மேல் நேராகத் தண்ணீரைப் பொழியலாம். 1990களில் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இதைச் செம்மைப்படுத்தி, கலிபோர்னியாவின் தி கீசர்ஸ் புவிவெப்பப் பகுதியில் 11ஆம் மின் அலகில் நிறுவிப் பார்த்தது. தெளிப்பான்களை மட்டும் நம்பாமல், நெளிந்த மெல்லிய தகடுகளை அடுக்கி அவற்றின் மேல் நீரை வழியவிட்டார்கள். முதல் அறையில் நீரும் நீராவியும் ஒரே திசையில் இறங்கும். அடுத்த அறையில் மிச்சமுள்ள வாயு மேலேறி, எதிரே வரும் குளிர்நீரில் ஆறும். எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடில் ஒரு பங்கு அந்த நீரில் கரைந்து, குளிர்விப்புக் கோபுரத்தின் வழியாக அழுகிய முட்டை நாற்றத்தோடு காற்றில் கலக்கும். உங்கள் கிணற்றில் அது அதிகமென்றால், விலை கூடினாலும் குழாய்க் கண்டென்சர் பக்கமே போங்கள்.