மலைநாட்டில் பிறந்தவருக்கு இமயத்தின் உயரம் ஒத்துக்கொள்ளுமா?

கேள்வி: எனக்கு 47 வயது. நுவரெலியாவில் பிறந்து, இங்கேயே ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். இன்னும் ஆறு மாதத்தில், ஏப்ரல் விடுமுறையுடன் சில நாட்கள் லீவும் எடுத்து, தோழியருடன் நேபாளத்துக்குச் சென்று கஞ்சன்ஜங்கா மலையின் வடக்கு அடிவார முகாமான பாங்பேமாவுக்கு நடந்து போக நினைக்கிறேன். குன்சா என்ற ஊரிலிருந்து கம்பாச்சென், லோனாக் வழியாகத் தொடர்ந்து மூன்றே நாட்களில் முகாமை அடையலாம் என்று பயண முகவர் சொல்கிறார். குருதி அமுக்கத்துக்கு லொசார்டன் 50 மில்லிகிராம் எடுக்கிறேன், கட்டுப்பாட்டில் உள்ளது. இரண்டு வருடங்களுக்கு முன் குருதிச்சோகை என்று இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். வயிற்றைப் புரட்டியதால் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன். ஒவ்வோர் ஆண்டும் சிவனொளிபாதமலை ஏறுகிறேன். மலையகத்தில் பிறந்தவர்களை உயரம் ஒன்றும் செய்யாது என்கிறார்கள் தோழியர். நான் போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம். உங்கள் வயதோ, கட்டுப்பாட்டில் உள்ள குருதி அமுக்கமோ இந்தப் பயணத்துக்குத் தடையல்ல. ஆனால் தோழியர் சொன்னதை நம்பிப் புறப்பட வேண்டாம். மலையக வாழ்க்கை உங்கள் கால்களுக்கும் இதயத்துக்கும் நல்ல பயிற்சி தந்திருக்கிறது. 5000 மீற்றரில் மூச்சுவிடும் பழக்கத்தை அது தந்திருக்க முடியாது. நான் கவலைப்படுவது, பாதியில் நின்றுபோன குருதிச்சோகைச் சிகிச்சையையும், முகவர் தந்த அந்த மூன்று நாள் திட்டத்தையும் பற்றித்தான்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றரிலும், சிவனொளிபாதமலையின் உச்சி 2243 மீற்றரிலும், நாட்டின் மிக உயர்ந்த இடமான பீதுருதலாகல 2524 மீற்றரிலும் உள்ளன. ஒட்சிசன் குறைந்த உயரத்துக்கு உடல் பழகுமுன் ஏறுவதால் வரும் உயர்மலை நோய் பொதுவாக 2500 மீற்றருக்கு மேல்தான் தலைகாட்டும் என்பதால், இலங்கைக்குள் எந்த மலையில் எத்தனை முறை ஏறினாலும், அந்த நோயை உங்கள் உடல் எப்படி எதிர்கொள்ளும் என்பது தெரியவராது. பாங்பேமா சுமார் 5140 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கும் காற்றில் ஒட்சிசனின் பங்கு 21 சதவீதம்தான். வளியமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ பாதியாகக் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நுவரெலியாவில் அது ஐந்தில் நான்கு பங்காக இருக்கிறது. ஆகவே கொழும்பிலிருந்து புறப்படும் ஒருவரைவிட நீங்கள் சற்று முன்னால் நிற்கிறீர்கள் என்பது உண்மை. முதல் சில நாட்களில் அது உதவவும் கூடும். அதற்கு மேல் அதை நம்ப இயலாது. அந்தீஸ் போன்ற உயர்மலைகளிலேயே பிறந்து வாழ்பவர்களில் சிலர், தாழ்நிலத்தில் சில காலம் தங்கிவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பும்போது நுரையீரலில் நீர் கோத்து அவதிப்படுவதை மருத்துவ உலகம் நன்கு அறியும். பழக்கம் என்பது அண்மைய நாட்களில் நீங்கள் எந்த உயரத்தில் உறங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. உடல் வலிமையும் இங்கே காவலாகாது. நன்றாக ஏறக்கூடியவர்கள் வேகமாக ஏறிவிடுவதாலேயே நோயில் விழுவதுண்டு.

3000 மீற்றருக்கு மேல், இரவு தங்கும் இடம் முந்தைய இரவு தங்கிய இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயராமல் இருக்க வேண்டும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். உங்கள் திட்டத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். குன்சா சுமார் 3500 மீற்றர், கம்பாச்சென் சுமார் 4100, லோனாக் சுமார் 4780. முதல் நாள் 600, அடுத்த நாள் 680 மீற்றர் என்று ஓய்வே இல்லாமல் ஏறுகிறீர்கள். அந்தப் பாதையில் தங்குமிடங்கள் அப்படித்தான் அமைந்துள்ளன என்பதால் பெரிய படிகளை முற்றாகத் தவிர்க்க முடியாது. ஆகவே நாட்களைக் கூட்டித்தான் ஈடுசெய்ய வேண்டும். குன்சாவில் இரண்டு இரவு, கம்பாச்செனில் இரண்டு இரவு, லோனாக்கில் இரண்டு இரவு என்று கேளுங்கள். ஓய்வு நாளில் படுத்தே கிடக்காமல் அருகிலுள்ள சரிவில் சற்று மேலே நடந்துவிட்டு, உறங்குவதற்குக் கீழே திரும்புங்கள். பாங்பேமாவில் தங்காமல், லோனாக்கிலிருந்து அதிகாலையில் போய்ப் பார்த்துவிட்டு அன்றே லோனாக்குக்குத் திரும்பிவிடலாம். லீவு போதாது என்றால் வேறு எந்தச் செலவையும் இடத்தையும் குறையுங்கள். இந்த மேலதிக இரவுகளைக் குறைக்காதீர்கள். எவரெஸ்ட் பாதையிலாவது, 1973 இல் தொடங்கப்பட்ட இமாலய மீட்புச் சங்கம் பெரிச்சே என்ற இடத்தில் பருவகால மருத்துவ நிலையம் ஒன்றை நடத்துகிறது. கஞ்சன்ஜங்கா பக்கம் அப்படி ஓர் உதவி பக்கத்தில் இருக்கும் என்று எண்ணிப் பயணப்படக் கூடாது. ஹெலிகொப்டரும் வானிலை இடம்கொடுத்தால்தான் வரும்.

உயரத்தை அடைந்து சில மணி நேரத்தில் தலையிடி, அத்துடன் ஓங்காளம், பசியின்மை, தலைச்சுற்று, அளவுக்கு மீறிய களைப்பு என்பவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை உயர்மலை நோயென்றே கொள்ள வேண்டும். அந்த நிலையில் மேலே ஒரு படியும் ஏற வேண்டாம். அதே இடத்தில் ஓய்வெடுத்தால் பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் தணிந்துவிடும். தணியாமல் கூடினால் இறங்க வேண்டும். உயிருக்கு ஆபத்தானவை வேறு இரண்டு. நேர்கோட்டில் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் தொட வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சும் புத்தியும் தடுமாறினாலோ மூளை வீங்குகிறது என்று பொருள். ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினால், வறட்டு இருமல் விடாமல் வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. இது பெரும்பாலும் புதிய உயரத்துக்குப் போன இரண்டாம் இரவில் தொடங்கும். தடிமன் என்றும் சளி என்றும் எண்ணிப் பலர் விடியும்வரை பொறுத்துவிடுகிறார்கள். இரண்டிலும் விடியலுக்குக் காத்திராமல், பாதை பாதுகாப்பாக இருந்தால் அந்த இரவிலேயே இறக்க வேண்டும். 300 மீற்றர் இறங்கினாலே மாற்றம் தெரியத் தொடங்கும், 1000 மீற்றர் இறங்கினால் நல்லது. நோயுற்றவரைத் தனியாக அனுப்பக் கூடாது. நம் பெண்களுக்கு, மற்றவர்களின் பயணம் தம்மால் கெட்டுவிடக் கூடாது என்று வலியை மறைக்கும் வழக்கம் உண்டு. தயவுசெய்து அங்கே அதைச் செய்யாதீர்கள். யாருக்கு முடியாமல் போனாலும் அவருடன் யார் இறங்குவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் வழமையான குருதி அமுக்கக் குளிசையை நிறுத்த வேண்டாம். உயரத்தில் அமுக்கம் ஓரளவு கூடுவது இயல்பு என்பதால், தினமும் அளந்து அஞ்சுவதில் பயனில்லை. நோய் வராமல் தடுக்க அசெற்றசோலமைட் 125 மில்லிகிராம் காலையும் மாலையும், ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து எடுக்கலாம். இந்தப் பாதைக்கு அதை நான் பரிந்துரைப்பேன். விரல் நுனிகள் விறுவிறுக்கும், சிறுநீர் கூடுதலாகப் போகும்; அஞ்ச வேண்டியதில்லை. சல்பா மருந்துகளுக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்களும் சிறுநீரக நோயுள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். ஆகவே முதலில் கிளினிக்கில் சிறுநீரகச் செயற்பாட்டையும் பொட்டாசியத்தையும் பரிசோதித்து, வைத்தியரின் சீட்டுடன் வாங்கி, வீட்டில் இரண்டு நாள் எடுத்துப் பாருங்கள். இந்தக் குளிசை எடுக்கிறோம் என்பதற்காக ஏறும் வேகத்தைக் கூட்டக் கூடாது. தலையிடிக்குப் பரசிட்டமோல் போதும். இபுபுரூபன் போன்ற வலி நிவாரணிகள் லொசார்டனுடனும், அசெற்றசோலமைட் போன்ற சிறுநீர் போக்கும் மருந்துடனும், உடலில் நீர் வற்றிய நிலையுடனும் சேரும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். உறக்கக் குளிசையும் மதுவும் வேண்டாம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி பொதிகள் சில எடுத்துச் செல்லுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் 5000 மீற்றருக்கு மேலான நடைப்பயணமும் ஹெலிகொப்டர் மீட்பும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று வாசித்துப் பாருங்கள்.

இனி குருதிச்சோகை. இதைத்தான் நீங்கள் இந்த வாரமே தொடங்க வேண்டும். காற்றிலேயே ஒட்சிசன் குறைவாக உள்ள இடத்தில் அதைச் சுமக்கும் ஈமோகுளோபினும் குறைவாக இருந்தால், சமநிலத்தில் தெரியாத குறை அங்கே ஒவ்வோர் அடியிலும் தெரியும். பெண்களுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் குருதிச்சோகை. முழுக் குருதிப் பரிசோதனையுடன், உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவையும் பாருங்கள். நம் நாட்டில், இரும்புக் குறைவுபோலவே தோன்றக்கூடிய, பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு உள்ளவர்கள் பலர் இருப்பதால், இரும்புச்சத்துத்தான் குறைவு என்று உறுதி செய்யாமல் மாதக்கணக்கில் குளிசை விழுங்குவது சரியல்ல. மாதவிடாய்ப் போக்கு அதிகமாக இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கூச்சப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். குருதி வெளியேறும் வழியை அடைக்காமல் இரும்பைக் கொடுத்துப் பயனில்லை. குளிசை வயிற்றைப் புரட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கும் முறை பலருக்கு ஒத்துக்கொள்கிறது. வைத்தியரிடம் கேட்டு அப்படி மாற்றிக்கொள்ளலாம். மலையகத்தில் நம் வீடுகளில் சோற்றுக்கும் ரொட்டிக்கும் கையோடு தேத்தண்ணீர் குடிப்பது வழமை. தேயிலையில் உள்ள தனின், உணவிலும் குளிசையிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் தேநீரைத் தள்ளிவையுங்கள். அந்த வேளையில் தேசிக்காய்ச் சாறோ கொய்யாப்பழமோ எடுத்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். ஈமோகுளோபின் உயர இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். ஆகவே இப்போதே தொடங்கி, பெப்ரவரி இறுதியில் மீண்டும் பரிசோதியுங்கள். அப்போதும் 12ஐ எட்டவில்லையென்றால் ஏப்ரல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்; அந்தப் பாதைக்கு ஒக்டோபரும் நவம்பரும் நல்ல காலமே. விமான டிக்கெட்டை அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.