விபூதி மட்டும் ஏன் மங்கவில்லை? ஒளி பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் நான்கு கேள்விகள் தளவிளைவுற்ற ஒளியைப் பற்றியவை. ஒளியின் மின்புலம் பல தளங்களில் கலந்து அதிராமல் ஒரே தளத்தில் அதிர்ந்தால் அதற்கு அந்தப் பெயர். போலராய்டு ஒரு தளத்து அதிர்வை மட்டும் உள்ளே விடும்.

கோயில் பிரகாரத்தில் எண்ணெய்க் காப்பு சாத்திய கருங்கல் விநாயகரைப் போலராய்டு ஃபில்டர் மாட்டிப் படம் எடுத்தேன். எண்ணெய்ப் பளபளப்பு போய்விட்டது. விபூதிப் பட்டையும் பித்தளைக் குத்துவிளக்கின் மினுமினுப்பும் அப்படியே இருக்கின்றன. ஃபில்டர் பழுதா? (கத்ர் போர்ன் வாசகி)

பழுதில்லை, அம்மா. எண்ணெய் மேல் படும் ஒளி ஒரே முறை தெறித்து வருகிறது. எண்ணெய், தண்ணீர், கண்ணாடி ஆகியவற்றின் மேல் சாய்வாகத் தெறிக்கும் ஒளி பெருமளவு ஒரு தளத்துக்கு வந்துவிடும். எந்தக் கோணத்தில் முழுமையாக வரும் என்பதற்கு 1815இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் புரூஸ்டர் விதி சொன்னார். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து 53 பாகை. ஃபில்டரைச் சரியாகத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அடங்கிவிடும். பித்தளை உலோகம். அது எல்லாத் தளத்து ஒளியையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே திருப்பி அனுப்பும்.

விபூதியில் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சாம்பல் துகள்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. உள்ளே போன ஒளி ஒரு துகளில் பட்டு, அடுத்ததில் பட்டு, பலமுறை அலைந்துதான் வெளியே வரும். மின்புலம் எப்போதும் ஒளி போகும் திசைக்குக் குறுக்காகவே இருக்க வேண்டும். ஆகவே திசை மாறும்போதெல்லாம் அதிர்வின் தளமும் மாறுகிறது. ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு முடிவு. எல்லாம் சேரும்போது எந்தத் தளமும் தனித்து நிற்காது. ஃபில்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி ஒளி வந்துகொண்டே இருக்கும். அந்தக் குறையைக் கேமரா தன் எக்ஸ்போஷரில் ஈடுகட்டிவிடுகிறது.

குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு நடுவே சர்க்கரைக் கரைசலை வைத்தால் வெளிச்சம் வருகிறது. பால் கலந்த தண்ணீரை வைத்தாலும் வருகிறது. பாலிலும் ஒரு சர்க்கரை உண்டே, இரண்டுக்கும் ஒரே காரணமா? (ரோஸ் ஹில் மாணவர்)

நல்ல சந்தேகம், தம்பி. நீங்களே சோதித்துவிடலாம். ஒரே நிற விளக்கை வைத்து, இரண்டாவது போலராய்டை மெல்லத் திருப்புங்கள். சர்க்கரைக் கரைசல் என்றால் ஏதோ ஒரு கோணத்தில் மறுபடி இருட்டு வரும். சர்க்கரை மூலக்கூறுகள் ஒளியின் தளத்தைத் திருப்புகின்றன, குலைப்பதில்லை. பாலில் எந்தக் கோணத்திலும் முழு இருட்டு வராது. அதிலுள்ள லாக்டோஸும் தளத்தைச் சற்றுத் திருப்பும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடித்துத் தளத்தையே கலைத்துவிடுகின்றன.

நம் மொரீஷியஸ் தீவில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கரும்பு ஆலை ஆய்வகத்தில் சர்க்கரையின் அளவை அறிய 'போல்' என்று அளப்பதே இந்தத் திருப்பத்தைத்தான். 26 கிராம் தூய சர்க்கரையை 100 மில்லிலிட்டர் கரைசலாக்கி 20 செ.மீ. குழாயில் ஊற்றினால், சோடியம் மஞ்சள் ஒளியின் தளம் சுமார் 34.6 பாகை திரும்பும். அதுவே 100 என்ற அளவு. பிழிந்த சாற்றை அப்படியே ஊற்றினால் கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும், நிறம் அதை விழுங்கும். அதனால் முதலில் தெளியவைக்க வேண்டும். நெடுங்காலம் இதற்கு ஈய அசிட்டேட் பயன்பட்டது. ஈயம் நஞ்சு, ஆய்வகத்தில் வேலை செய்பவர்களின் உடம்புக்கு ஆகாது. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியில் அளக்கும் கருவிகள் வந்தபின், ஈயம் இல்லாமல் வடிகட்டியே அளக்க முடிகிறது. இதை நான் பெரிய நன்மையாகவே நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மின்புலம் சுழன்றுகொண்டே போகும் வட்டத் தளவிளைவும் உண்டு. அலைநீளத்தைவிடப் பெரிய துகள்களுக்கு நடுவே, நேர்கோட்டுத் தளவிளைவு கலைந்த பிறகும் அது தாக்குப்பிடிக்கும். அப்படிப்பட்ட துகள்கள் ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே தள்ளுவதால், சுழலும் போக்கு சட்டென்று மாறுவதில்லை. மிகச் சிறிய துகள்களில் இதற்கு நேர்மாறு.

வெயில் கண்ணாடி போட்டுத் தலையைச் சாய்த்தால் கைபேசித் திரை இருள்கிறது. செய்தித்தாள் இருளவில்லையே? (போர்ட் லூயி வாசகர்)

உங்கள் கண்ணாடி போலராய்டு வகை. திரை ஒளி தளவிளைவுற்றே வெளிவருகிறது. காகித நார்களில் சிதறிய ஒளிக்குத் தளம் கிடையாது.

அதே போலராய்டு கண்ணாடியைக் கடற்கரையில் திருப்பிப் பார்த்தேன். பெல் மார் வெள்ளை மணலில் மாற்றமே இல்லை. ரியூனியனுக்குப் போனபோது லெத்தாங்-சாலேயின் கருமணல் நன்றாக மங்கியது. இரண்டும் மணல்தானே? (மாயெபூர் வாசகர்)

ஒன்று பவளத் தூள், மற்றது எரிமலைக் கல்லின் தூள். வெள்ளை மணலுக்குள் போன ஒளி எத்தனை முறை அலைந்தாலும் அழியாமல், தளம் கலைந்து வெளியே வருகிறது. கருமணலுக்குள் நுழைந்த ஒளியை மணலே விழுங்கிவிடுகிறது. மேலே ஒரே முறை தெறித்த ஒளிதான் உங்கள் கண்ணுக்கு வருகிறது. அதற்குத் தளம் இருக்கிறது. கருமை கூடக் கூடத் தளவிளைவும் கூடும் என்பதை 1905இல் ரஷ்ய இயற்பியலாளர் உமோவ் கவனித்தார். சூரியன் பக்கவாட்டில் இருக்கும் காலையிலோ மாலையிலோ பாருங்கள், வித்தியாசம் எடுப்பாகத் தெரியும். நிலவிலும் இதே கதைதான்: கருந்திட்டுகளிலிருந்து வரும் ஒளி, வெளிறிய மேட்டு நிலங்களின் ஒளியைவிட அதிகமாகத் தளவிளைவுற்றிருக்கிறது.