வால்பாறையில் பாம்பும் ஓணானும் படம் எடுக்க: கொக்கி வேண்டாம், ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும்

கேள்வி: திருப்பூரைச் சேர்ந்த நண்பர்கள் மூன்று பேர் செப்டம்பர் கடைசியில் இரண்டு நாள் வால்பாறை போகிறோம். குழிவிரியனையும் காட்டு ஓணான்களையும் தேடிப் படம் எடுக்க ஆசை. ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 18–55, 55–250 லென்ஸ்கள், ஒரு டிரைபாட், கேமராவிலேயே உள்ள ஃபிளாஷ் ஆகியவை இருக்கின்றன. போன முறை கிடைத்த ஒரே பாம்பின் படத்தில் செதில்கள் வெள்ளைத் திட்டாகவும் தலை மங்கலாகவும் வந்துவிட்டன. பாம்புக் கொக்கி வாங்க வேண்டுமா? மேக்ரோ லென்ஸ் கட்டாயமா? இரவில் தேடலாமா?

பதில்: கொக்கி வாங்காதீர்கள். மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸும் இந்தப் பயணத்துக்குத் தேவையில்லை. இரவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டும்.

முதலில் கொக்கி. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பதும், விரட்டுவதும், இரை காட்டி வரவழைப்பதும், இவற்றுக்கான முயற்சியும் அந்தச் சொல்லுக்குள் வருகின்றன. படத்துக்காகக் கிளையிலிருந்து பாம்பை எடுத்துப் பாறையில் வைத்தாலும் அது பிடித்ததுதான். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கொக்கியால் படம் கெடும். குழிவிரியன், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழி உள்ள நச்சுப் பாம்பு; பதுங்கியிருந்து இரை பிடிக்கும். ஒரே கிளையில் நாள் கணக்கில் அசையாமல் இருக்கும். அதன் இடத்திலேயே விட்டால் உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். தொட்டுவிட்டால் உடலைச் சுருட்டிக் கொத்தத் தயாராகும், அல்லது இறங்கி ஓடப் பார்க்கும். மிரண்ட பாம்பின் படத்தை, பழகிய கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து, எங்கே தேடுவது. வால்பாறையைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காப்பகக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது, படம் எடுக்கவும் அனுமதி வேண்டும். தேயிலைத் தோட்டங்கள் எஸ்டேட்டுகளின் கையில் இருப்பவை. ஆகவே தங்கும் விடுதியின் வளாகம், எஸ்டேட் அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்ற தோட்டப் பாதை, ஓடையோரத்து மரச் சோலை ஆகியவைதான் உங்கள் களம். இவை குறைவான இடமல்ல. பெரிய செதில்களைக் கொண்ட பச்சைக் குழிவிரியன் தேயிலைச் செடிகளிலேயே இருக்கும். மலபார் குழிவிரியன் ஓடையோரப் புதர்களிலும் பாசி படிந்த பாறைகளிலும் படுத்திருக்கும். பச்சை, பழுப்பு, மஞ்சள் என்று அதற்குப் பல நிறம். கொழுந்து பறிப்பவர்களிடம் கேளுங்கள். எந்த வரிசையில் நேற்று பாம்பு பார்த்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும், தினமும் அந்தச் செடிக்குள் கை விடுகிறவர்கள் அவர்கள்தான். ஒன்று மட்டும்: அவர்கள் காட்டிக் கொடுத்த பாம்பைக் கலைத்து வேலை நடக்கும் வரிசைக்குள் ஓடவிட்டு வராதீர்கள்.

தேடும் வேகம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் ஒன்றும் பார்க்காமல் திரும்புவதற்குக் காரணம் வேகமாக நடப்பதுதான். ஒரு மணி நேரத்துக்கு 300, 400 மீட்டர் போதும். நான்கு அடி வைத்து நில்லுங்கள். முதலில் கால் வைக்கப் போகும் தரை, பிறகு முழங்கால் உயரம், பிறகு மார்பு உயரம், கடைசியாகத் தலைக்கு மேல் என்று பாருங்கள். 'பாம்பு' என்று தேடினால் கண்ணுக்கு அகப்படாது. செங்குத்தான தண்டுகளுக்கு நடுவே படுக்கையாக ஓடும் தடித்த கோடு, கிளைக் கவட்டில் காரணமில்லாத ஒரு முடிச்சு, இலையைவிட ஒழுங்கான ஒரு முக்கோணம் ஆகியவற்றைத் தேடுங்கள். பச்சைப் பாம்பு என்றும் கண்கொத்திப் பாம்பு என்றும் சொல்கிறோமே, அது காற்றில் தளிர் ஆடுவதுபோலத் தானும் ஆடும். காற்று நின்ற பிறகும் ஆடுகிற தளிரைப் பாருங்கள்.

மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த சிறு குழிவிரியன் ஒன்று உண்டு. ஒரு அடியிலிருந்து ஒன்றரை அடி நீளம், காய்ந்த இலையின் நிறம், மர வேரடியில் சருகோடு சருகாகக் கிடக்கும். மற்றப் பாம்புகளைவிட இதற்காகவே காலைக் கவனித்து வைக்க வேண்டும். கணுக்காலை மூடும் பூட்ஸ், தடித்த பேன்ட், அட்டைக்கடிக்கு முழங்கால்வரை வரும் துணி உறை ஆகியவை வேண்டும். விழுந்த மரத்தின் மேல் பார்க்காமல் உட்காராதீர்கள், பாறையில் பார்க்காமல் கை ஊன்றாதீர்கள். கல்லையும் கட்டையையும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஈரம் காக்கும் அந்தக் கல்லுக்கு அடியில்தான் மண்ணுக்குள் வாழும் சிறு பாம்புகளும் தேள்களும் இருக்கின்றன. கல்லை ஒரு அங்குலம் மாற்றி வைத்தாலும் காற்றுப் புகுந்து அந்த இடம் காய்ந்துவிடும்.

ஓணான்களுக்கு நேரம்தான் முக்கியம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் முதல் அரை மணி நேரத்தில் வேலிக் கம்பத்திலும் தேயிலை உச்சியிலும் ஏறி வெயில் காயும். உடல் சூடேறிவிட்டால் ஓட்டம் வேகமாகிவிடும், அதற்கு முன்பே நெருங்க வேண்டும். நேராகப் போகாதீர்கள், வேறெங்கோ போகிறவர்போலச் சாய்வாக நடங்கள், உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. தலையை ஆட்டினாலோ முன்கால் ஊன்றி எழுந்து எழுந்து இறங்கினாலோ அங்கேயே நின்று ஒரு நிமிடம் கழியுங்கள். மரத்தின் மறுபக்கம் போய் ஒளிந்துகொண்டால் சுற்றித் துரத்த வேண்டாம். ஐந்து, பத்து நிமிடம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். 250 மி.மீ., 1/500 நொடி, எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 800 (ஒளி உணர்திறன்) என்று தொடங்கிப் பாருங்கள். சிறுபாலங்களின் அடியிலும் பழைய சுவர்களிலும் வட்டக் கண்மணியுள்ள சிறு பகல் பல்லிகளைப் பார்க்க மறக்காதீர்கள். அவற்றைத் தேடி யாரும் போவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பல இனங்கள் அவற்றில் உண்டு.

இனி உங்கள் கெட்டுப்போன படம். தலை மங்கியதற்குக் காரணம் நெருக்கம். 18–55 லென்ஸ் 25 செ.மீ. வரை நெருங்கவிடும், நீங்களும் நெருங்கியிருப்பீர்கள். எவ்வளவு நெருங்குகிறோமோ அவ்வளவு மெலிதாகிறது கூர்மையாக விழும் தளம். உங்கள் சென்சாரில் எஃப்/11இல் கணக்கு இது: பொருளின் அளவில் பாதியாகச் சென்சாரில் விழும்படி எடுத்தால் கூர்மையின் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்காக எடுத்தால் 13 மி.மீ. பத்தில் ஒரு பங்காக எடுத்தால் கிட்டத்தட்ட 5 செ.மீ. குழிவிரியனின் தலை 3 செ.மீ. என்று வைத்தால், மூக்கிலிருந்து கழுத்துவரை கூர்மையாக வர வேண்டுமானால் பத்தில் ஒரு பங்குதான் வழி. 250 மி.மீ.இல் அதற்கான தூரம் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மீட்டர். சட்டகத்தின் அகலத்தில் 22 செ.மீ. அடங்கும், சுருண்ட பாம்பு முழுதாக வந்துவிடும். 24 மெகாபிக்சல் கேமராவில் தலை மட்டும் 800 பிக்சல் நீளம் இருக்கும். வெட்டி எடுத்தாலும் தாங்கும்.

ஆகவே 55–250ஐ மாட்டுங்கள். அந்த வகை லென்ஸ்கள் ஒரு மீட்டர் அளவுக்குத்தான் நெருங்கவிடும், அதைக் குறையாக எண்ணாதீர்கள். உங்களை வேலியாக நின்று காப்பது அந்த ஒரு மீட்டர்தான். லென்ஸ் முன்னால் திருகும் எட்டு டயாப்டர் (கண்ணாடியின் வலுவைச் சொல்லும் அளவு) குளோசப் கண்ணாடியை யாராவது பரிந்துரைப்பார்கள். அது 12.5 செ.மீ.இல்தான் வேலை செய்யும். பல்லிக்குச் சரி, விரியனுக்கு ஆகாது. குழிவிரியன் தன் உடல் நீளத்தில் பாதி தூரம்வரை பாய்ந்து கொத்தக்கூடும்; ஒரு முழு உடல் நீளமாவது தள்ளி இருங்கள், எப்படியும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் போன்றவை எதிர்ப்பட்டால் இரண்டு மீட்டருக்கு மேல் இருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கும். தானியங்கி ஃபோகஸ், முன்னால் இருக்கும் சுருளைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டிருக்கும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து கண்ணில் வையுங்கள். டிரைபாடில் இருந்தால் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையாலேயே ஃபோகஸ் செய்யுங்கள். கேமராவின் உயரம் பாம்பின் கண் உயரத்துக்கு வர வேண்டும். அதற்காக நீங்கள் விரியன் முன் குப்புறப் படுக்க வேண்டாம், டிரைபாடைத் தாழ்த்தித் திரையைப் பார்த்து எடுங்கள்.

வெள்ளைத் திட்டு கேமரா ஃபிளாஷால் வந்தது. செதில் ஒவ்வொன்றும் ஈரமான சிறு கண்ணாடி. லென்ஸுக்கு அருகிலேயே சிறிதாக எரியும் ஒளி அதில் பட்டு நேராகத் திரும்பி வருகிறது. ஒளிமூலம் பெரிதாக, பக்கத்தில், பொருளுக்கு அருகில் இருந்தால் திட்டு பரவி மென்மையாகும். ஆனால் அசையாத பாம்புக்கு ஃபிளாஷே எதற்கு? டிரைபாட், ஐஎஸ்ஓ 400, எஃப்/11, கால் நொடி முதல் அரை நொடி, இரண்டு நொடி டைமர், லென்ஸில் பட அதிர்வுத் தடுப்பு அணைத்து வைத்தல் – இவ்வளவுதான். கூடவே ஒரு வட்ட போலரைசர் வடிகட்டி வாங்குங்கள். கொக்கிக்கு வைத்திருந்த பணத்தை இதில் போடலாம். அதைத் திருப்பத் திருப்ப இலையிலும் செதிலிலும் உள்ள வெள்ளை மினுமினுப்பு அடங்கி, அடியில் இருக்கும் பச்சை வெளியே வரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை அது விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்), மேலே சொன்ன நேரம் அதையும் சேர்த்துத்தான். கிளை ஆடினால் காற்று நிற்கும்வரை காத்திருந்து பத்துப் படம் எடுங்கள், இரண்டு தேறும்.

அழகான ஒரு படத்தோடு நிறுத்திவிடாமல், இனம் கண்டறிய உதவும் படங்களும் எடுத்துவையுங்கள்: தலையின் பக்கவாட்டு, தலையின் மேற்புறம், நடு உடலின் செதில் வரிசை, இருந்த இடம். இதற்குத் தேவை உண்டு. கண்கொத்திப் பாம்பு ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 2020இல் வெளியான ஆய்வு அதைப் பல இனங்களாகப் பிரித்தது. பழைய அறிவியல் பெயர் இலங்கைப் பாம்புக்கே உரியதாயிற்று. கட்டுவிரியனையும் விஷமற்ற ஓநாய்ப் பாம்பையும் குழப்பிக்கொள்வதும் வழக்கம். கட்டுவிரியனுக்கு முன்னுடலில் பட்டைகள் மங்கியோ இல்லாமலோ இருந்து பின்னால் தெளிவாகும்; முதுகின் நடுவரிசைச் செதில்கள் அறுகோணமாகப் பெருத்திருக்கும். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். படத்தில் பார்த்துப் பிரித்தறியத்தான் இந்த அடையாளங்கள். களத்தில் இரண்டையும் கட்டுவிரியனாகவே நடத்துங்கள்.

இரவுத் தேடலில் ஓணான்கள் கிளை நுனியில் வெளிறித் தூங்குவது எளிதாகக் கண்ணில் படும் என்பது உண்மைதான். ஆனால் வால்பாறை இரவில் பாம்பைவிடப் பெரிய ஆபத்து யானை, காட்டெருமை, சிறுத்தை. டார்ச்சோடு கண்ணைக் கிளைக்குள் விட்டு நடப்பவருக்கு, இருபதடியில் நிற்கும் யானை தெரியாது. தோட்டப் பாதையில் இரவு நடை வேண்டாம். விடுதி உரிமையாளர் சம்மதித்தால் வேலிக்குள், விளக்கு வெளிச்சத்துக்கு எட்டும் தூரத்தில், மூவரும் சேர்ந்து தேடுங்கள். ஒருவருக்குக் கேமரா வேண்டாம், சுற்றிலும் பார்ப்பது மட்டுமே அவர் வேலை. தூங்கும் ஓணானுக்கு இரண்டு மூன்று படம் போதும். அதற்கு மேல் ஒளி பட்டால் விழித்துத் தரையில் விழும், இருட்டில் மறுபடி பத்திரமான கிளை தேட அதற்கு வழியில்லை.

கடிபட்டால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன் மூவரும் பேசி வையுங்கள். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. குழிவிரியன்களின் நஞ்சுக்கு அது வேலை செய்யாது. அங்கே மருத்துவர் கையில் இருப்பது ரத்த உறைவையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துத் தாங்கும் சிகிச்சைதான். அதனால் அந்தக் கடி லேசானது என்று விடுதியில் படுத்துவிடக் கூடாது. மோதிரம், வாட்ச், பூட்ஸ் ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். கடிபட்ட கை கால் அசையாமல் கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. 108ஐ அழைத்து, முதலில் வால்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பொள்ளாச்சி சுமார் 65 கி.மீ., நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். கேமராவில் இருக்கும் படத்தைக் காட்டினால் போதும்.

படங்களை வெளியிடும்போது எஸ்டேட் பெயரையும் பாலத்தின் பெயரையும் எழுதாதீர்கள். அசையாமல் படுத்திருக்கும் பாம்பின் இடம் வெளியே தெரிந்தால் அடுத்த ஞாயிறே பத்துப் பேர் அந்தப் புதர் முன் நிற்பார்கள், அதில் ஒருவர் கையில் கொக்கி இருக்கும். கைபேசிப் படத்தில் தானாகப் பதியும் இருப்பிடத்தை நீக்குங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளத்தில் பதிந்தால் இடத்தை மங்கலாக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.

திரும்பும்போது ஒரு சிறு வேலை. குளிர்ந்த மலையிலிருந்து ஆழியாறு வெக்கைக்கு இறங்கினதும் லென்ஸுக்குள் நீர் பூக்கும். வழியில் கேமராவை வெளியே எடுக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையை மூடியே வைத்து, வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள்.